லினக்ஸ் கணினியில் விண்டோஸ் வரைகலை மென்பொருள்கள்: ஆரணிப் பட்டு வடிவமைப்பை முன்வைத்து

இன்று லினக்ஸுக்கென்று வெளிவராத ஃபோட்டோஷாப், கோரல்டிரா, ஜக்கார்டு டிசைன் நிரல்கள் போன்றவற்றை லினக்ஸில் ஓட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வைன், மற்றொன்று மெய்நிகர் கணினி. இவற்றைத் தவிர்த்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் லினக்ஸ் நிரலுக்கே மாறிவிடுவது மூன்றாவது வழி. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 பழைய கணினிகளை ஏற்பதில்லை. இதனால் சிறிய டிசைன் கடைகளில் இந்தப் பேச்சு மறுபடி எழுந்திருக்கிறது. லினக்ஸ் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் புதிதுமல்ல. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்ககாலக் கணினிகளில் விண்டோஸுடன் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் ஏற்றப்பட்டிருந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு என்பது வேறு கதை.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணி, புவிசார் குறியீடு பெற்ற பட்டுச் சேலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். சேவூர், தேவிகாபுரம் போன்ற சுற்றுப்புற ஊர்களிலும் தறிகள் உண்டு. வரைகலை மென்பொருள் இங்கே சுவரொட்டிக்கு மட்டும் பயன்படுவதல்ல. சேலையின் கரையும் முந்தானையும் புட்டாவும் அதில்தான் பிறக்கின்றன.

தறிக்கு வேண்டிய கோப்பு

ஜக்கார்டு பெட்டியில் ஒவ்வொரு கொக்கியும் தன்னோடு கட்டப்பட்ட பாவு இழையைத் தூக்கும், அல்லது விட்டுவிடும். கணினிப் படத்தின் ஒரு நெடுவரிசை ஒரு கொக்கி. ஒரு கிடைவரிசை ஓர் ஊடை. 240 கொக்கிப் பெட்டிக்கு 400 ஊடை நீளமுள்ள டிசைன் என்றால், 240க்கு 400 புள்ளிகள் கொண்ட ஒரு சிறு படம். அதற்கு 400 அட்டைகள் அடிக்க வேண்டும். எலக்ட்ரானிக் ஜக்கார்டில் அட்டைக்குப் பதில் அந்தக் கோப்பே பென் டிரைவில் தறிக்குப் போகிறது. வண்ணம் எத்தனை இருந்தாலும், கடைசியில் தறிக்குத் தெரிவது தூக்கு, விடு என்ற இரண்டுதான்.

எனவே ஃபோட்டோஷாப்பின் ஆயிரம் வசதிகளில் டிசைனருக்கு வேண்டியவை சிலவே. வண்ணங்களை எண்ணிக்கையில் அடக்கும் முறை வேண்டும். கட்டம் தெரிய வேண்டும். ஓரம் மழுங்காமல் ஒவ்வொரு புள்ளியாகப் போடும் பென்சில் வேண்டும். தூரிகையால் வரைந்தால் ஓரத்தில் இடைநிறங்கள் சேரும், அவற்றைத் தறியால் படிக்க முடியாது. ஜேபெக்காகச் சேமித்தாலும் இதே கேடுதான். பி.எம்.பி., டிஃப் போன்ற வடிவங்கள் பாதுகாப்பானவை.

வைன்

1993இல் தொடங்கப்பட்டு, 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் தலைமையில் வளரும் கட்டற்ற மென்பொருள் இது. விண்டோஸ் கணினியை அப்படியே நகலெடுத்து நடிக்கும் நிரல் அல்ல. நிரல் விண்டோஸிடம் கேட்கும் ஒவ்வொன்றையும் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுத்து, பதிலைத் திருப்பித் தருகிறது. விண்டோஸ் உரிமம் வாங்கத் தேவையில்லை. 2008 ஜூனில் வெளிவந்த 1.0 பதிப்பு எந்தெந்த நிரல்களை ஓட்டியாக வேண்டும் என்று வைத்த இலக்குகளில் ஃபோட்டோஷாப் சிஎஸ்2 ஒன்று. அதற்கான வேலைக்குக் கூகுள் பணம் கொடுத்தது. இன்றும் அந்தக் காலத்துப் பதிப்புகளே வைனில் நிம்மதியாக ஓடுகின்றன. 2013க்குப் பிந்தைய சந்தா முறைப் பதிப்புகளில் நிரலைவிட அதன் நிறுவியும் கணக்குச் சரிபார்ப்பும்தான் தடுக்கி விழுகின்றன. சிஎஸ்2வை அடோபி இலவசமாகவே கொடுத்துவிட்டது என்று ஒரு பேச்சு 2013 முதல் உலவுகிறது. அது தவறு. உரிமம் வைத்திருந்தவர்களுக்காகவே அந்தப் பதிவிறக்கம் திறக்கப்பட்டது.

கோரல்டிரா ஒருமுறை லினக்ஸுக்கே வந்தது. கோரல் நிறுவனம் 1999இல் சொந்தமாக ஒரு லினக்ஸை வெளியிட்டு, 2000இல் கோரல்டிரா 9ஐ வைன் துணையோடு அதில் ஓடவைத்தது. மறு ஆண்டே அந்தத் தொழிலைக் கைவிட்டது. 16 பிட் காலத்துப் பழைய நிரல்களை 64 பிட் விண்டோஸே ஓட்டாது. வைன் பலவற்றை ஓட்டுகிறது.

பூட்டும் எழுத்தும்

ஜக்கார்டுக்கென்றே விற்கப்படும் நிரல்கள் பல, யுஎஸ்பி துளையில் செருகும் டாங்கிள் இருந்தால்தான் திறக்கும். அதற்கான இயக்கி விண்டோஸின் கருவுக்குள் உட்கார வேண்டியது. வைன் அந்த ஆழத்துக்குப் போவதில்லை. ஆரணிக்காரருக்கு வைன் கைகொடுக்காத முக்கிய இடம் இதுதான். இதற்கு விர்ச்சுவல்பாக்ஸ் அல்லது கேவிஎம் மூலம் லினக்ஸுக்குள் ஒரு முழு விண்டோஸை நிறுவி, டாங்கிளை அதற்கு ஒப்படைக்கலாம். விண்டோஸ் உரிமம் வேண்டும், நினைவகம் 8 ஜிபியாவது இருப்பது நல்லது.

பெட்டி அட்டை, கடைப் பலகை வேலைகளில் தமிழ் எழுத்து தனிச் சிக்கல். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பதால், வைனின் எழுத்துருக் கோப்புறையில் போட்டால் அப்படியே வேலை செய்யும். யூனிகோடு தமிழைப் பழைய ஃபோட்டோஷாப்பில் ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அதற்கு இங்க்ஸ்கேப்பில் தட்டெழுதி, படமாக்கிக் கொண்டுவருவதே சுருக்கமான வழி.

மாற்று நிரல்கள்

டிசைன் வேலைக்கு ஜிம்ப் போதும் என்பதே இக்கட்டுரையின் கணிப்பு. வண்ண அட்டவணை முறை, கட்டம், பென்சில் மூன்றும் அதில் உண்டு. நெய்த துணியில் அங்குலத்துக்குப் பாவு 100, ஊடை 80 என்றால், திரையில் வட்டமாக வரைந்தது தறியில் நீள்வட்டமாகிவிடும். ஜிம்பில் கிடைத் தெளிவுத்திறனை 100, நெடுக்குத் தெளிவுத்திறனை 80 என்று வைத்து, புள்ளிக்குப் புள்ளி காட்டும் பார்வையை நிறுத்தினால் சேலையில் விழப்போகும் வடிவம் அப்படியே திரையில் தெரியும். தெரியாமல் பலர் தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் வசதி இது.

கைத்தறிக்கென்றே எழுதப்பட்ட திறமூல ஜக்கார்டு, டாபி நிரல் டிஜிபுனை. இதை உருவாக்கியது இப்போது டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் எனப்படும் மீடியா லேப் ஏசியா. ஸ்லோவேனியாவின் அராவீவ் லினக்ஸில் வளர்ந்த வணிக நிரல். அங்கே வைனுக்கு வேலையே இல்லை.

எந்த வழிக்கு மாறினாலும், பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிலுள்ள கரை, முந்தானை டிசைன்கள் எல்லாவற்றையும் பி.எம்.பி.யாக எடுத்து இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். டாங்கிள் நிரல்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் கோப்பு வடிவங்களை ஜிம்ப் திறக்காது.