அயனும் நான்முகியும், இரண்டு ஆய்வுக்கட்டுரைகளும்

தம்பி ஏ/எல் இரசாயனவியல் நோட்ஸைச் சத்தமாகப் பாடமாக்கிக்கொண்டிருந்தான். உப்பு நீரில் கரைந்தால் சோடியம் அயனும் குளோரைட்டு அயனும் பிரியும். மெதேன் மூலக்கூறு நான்முகி வடிவம். "இதெல்லாம் ஆர் சொன்னது?" என்று கேட்டேன். "அது பேப்பரில வராது அக்கா" என்றான்.

கலைப்பீடக்காரிக்கு அந்தப் பதில் போதாது. அதோடு நானே இப்போது ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்புத் தேடி அலைகிறேன். "கரைச்சல் இல்லாத தலைப்பா எடுங்கோ" என்பதுதான் எல்லோரும் தரும் புத்திமதி. தேடிப் பார்த்தால், தம்பியின் அந்த இரண்டு வரிகளையும் சொன்னவர்கள் கிட்டத்தட்ட எங்கள் வயதுக்காரர்கள்.

1874 செப்டெம்பரில் ஒல்லாந்தைச் சேர்ந்த வான்ட் ஹொஃப் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். வயது 22. காபனைச் சுற்றியுள்ள நான்கு பிணைப்புகளும் தாளில் வரைவதுபோல் தட்டையாக இல்லை, நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நிற்கின்றன என்றார். காரணம் எனக்கே விளங்குமளவுக்கு எளிமையானது. மெதேனில் இரண்டு ஐதரசனை எடுத்துவிட்டு இரண்டு குளோரீனைப் போடுங்கள். காபன் தட்டையான சதுரத்தின் நடுவில் இருந்தால், குளோரீன்கள் பக்கத்துப் பக்கத்தில் ஒரு பொருள், எதிரெதிரே இன்னொரு பொருள் என்று இரண்டு கிடைக்கவேண்டும். கிடைத்ததோ ஒன்றுதான். நான்முகியில் எந்த மூலைக்கும் மற்ற மூன்றும் பக்கத்து மூலைகள். பிரான்சின் லெ பெல்லும் தனியாக இதே முடிவுக்கு அதே வருடம் வந்தார்.

எனக்குப் பிடித்த இடம் இனித்தான். அந்த டிசெம்பரில் பட்டத்துக்காக வான்ட் ஹொஃப் கொடுத்த ஆய்வுக்கட்டுரையில் நான்முகி இல்லை. அது சில அமிலங்களைப் பற்றிய சாதாரண ஆய்வு. ஆள் கெட்டிக்காரர்! ஆனாலும் திட்டு வாங்காமல் தப்பவில்லை. 1877இல் ஜேர்மனியின் பெரிய இரசாயனவியலாளர் கோல்பெ, மிருக வைத்தியக் கல்லூரியில் வேலை செய்யும் ஒருவருக்கு இந்தக் கற்பனைப் பறப்பு எதற்கு என்று அச்சிலேயே நக்கலடித்தார்.

சுவீடனின் அரேனியஸ் அந்தக் கெட்டித்தனத்தைக் காட்டவில்லை. 1884இல், 25 வயதில், தன் கருத்தை ஆய்வுக்கட்டுரையாகவே உப்சாலா பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார். 'அயன்' என்ற சொல் பரடே காலத்திலிருந்தே, 1834 முதல், இருந்தது. ஆனால் மின்னோட்டம்தான் பொருளைப் பிரிக்கிறது என்ற எண்ணம் பரவலாக இருந்தது. கரைசலில் ஒரு பகுதி மின்னோட்டத்துக்கு முன்பே கடத்தத் தயாரான நிலையில் இருக்கிறது என்பது அரேனியஸின் வாதம். அயன்களாகப் பிரிந்துவிடுகின்றன என்று அப்போது அவர் வெளிப்படையாக எழுதவில்லை. 1887இல்தான் எழுதினார். பயந்தாரோ என்னவோ. அந்தளவுக்கே மிகக் குறைந்த தரம்தான் கிடைத்தது.

பேராசிரியர்களை வில்லன்களாக்க எனக்கு விருப்பமில்லை. சோடியம் தண்ணீரில் பட்டால் சீறி எரியும், குளோரீன் நச்சுவாயு. இரண்டும் தனித்தனியாக உப்புத் தண்ணீரில் சும்மா இருக்கின்றன என்றால் யார் நம்புவது? அணுவும் அயனும் ஒன்றல்ல, ஏற்றம் வந்தால் குணமே மாறும் என்பதுதான் பதில். ஆனால் அதை விளக்கத் தேவையான இலத்திரனைத் தொம்சன் கண்டது 1897இல்.

அரேனியஸைக் காப்பாற்றியது வெளியிலிருந்து வந்த கை. றீகாவிலிருந்து ஒஸ்ற்வால்ட் அவரைத் தேடி உப்சாலாவுக்கே வந்து வேலை தருவதாகச் சொன்னார். பிறகுதான் உப்சாலாவும் விரிவுரையாளர் பதவி கொடுத்தது. கருத்தைக் காப்பாற்றியதில் வான்ட் ஹொஃப்புக்கும் பங்குண்டு. ஐதான கரைசல்களைப் பற்றிய அவருடைய கணக்கில் சீனி ஒழுங்காகப் பொருந்தியது, உப்பு பொருந்தவில்லை. ஒரே எண்ணிக்கையான மூலக்கூறுகளைக் கரைத்தாலும், உப்பு உறைநிலையைச் சீனியைவிடக் கிட்டத்தட்ட இருமடங்கு தாழ்த்தியது. ஒரு துணிக்கை இரண்டாகிறது என்று வைத்தால் கணக்குச் சரி.

இரசாயனவியலுக்கான முதல் நோபல் பரிசு 1901இல் வான்ட் ஹொஃப்புக்கு. 1903இல் அரேனியஸுக்கு. பின்னர் மெண்டலீவின் பெயர் நோபலுக்கு வந்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் இதே அரேனியஸ்தான். மெண்டலீவ் அவருடைய அயன் கொள்கையை ஏற்காதவர். 1907இல் பரிசு கிடைக்காமலே இறந்தார்.

தம்பிக்கு இதைச் சொன்னேன். "இப்ப நீ ஆரின்ர மாதிரிச் செய்யப்போறாய்?" என்று கேட்டான். தலைப்புப் படிவம் வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டும்.