லிஸ்பன் எழுப்பிய வினா

1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழா. போர்த்துகல் தலைநகராகிய லிஸ்பனில் மக்கள் திருப்பலிக்காக ஆலயங்களில் நிறைந்திருந்த காலை வேளையில் நிலம் நடுங்கிற்று. கூரைகள் வீழ்ந்தன. பீடத்து மெழுகுதிரிகளிலிருந்தும் அடுப்புகளிலிருந்தும் பரவிய தீ பல நாள் எரிந்தது. ஆற்றங்கரைக்கு ஓடியோரைப் பேரலை வாரிச் சென்றது. பல்லாயிரவர் மாண்டனர். வழிபட வந்தோரை இறைவன் ஏன் காக்கவில்லை?

இயேசு சபைத் துறவி கபிரியேல் மலகிரிதா, 1756இல் வெளியிட்ட சிறு நூலில், நகரத்தாரின் பாவமே காரணம் என்று உறுதியாக உரைத்தார். பின்னர் அமைச்சர் பொம்பாலின் பகைக்கு ஆளான அம்முதியவர், 1761இல் திரிபுக் கொள்கையர் எனத் தீர்ப்பிடப்பெற்று, கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். அவர் பிறரை அளந்த கோலால் அவரையே அளக்க நாம் துணிவோமா?

சீலோவாம் கோபுரம் வீழ்ந்து இறந்த 18 பேரும் மற்றவரைவிடப் பெரும் பாவிகள் அல்லர் என்றார் ஆண்டவர் இயேசு. மாண்டோரைத் தீர்ப்பிடாமல், கேட்டுக்கொண்டிருந்தோரையே மனமாற்றத்திற்கு அழைத்தார்.

மலகிரிதா எழுதிய அதே ஆண்டில், பங்குத்தந்தையருக்கு அரசு வேறு வினாக்களை அனுப்பிற்று. நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது? எத்தனை பேர் இறந்தனர்? கடல் உயர்ந்ததா, தாழ்ந்ததா? அவர்கள் எழுதிய விடைகளை நிலநடுக்க ஆய்வாளர் இன்றும் பயில்கின்றனர்.

'ஏன்' என்பதற்கு அவ்வேடுகள் விடை தருவதில்லை. அந்த விடை யோபுவுக்கும் கிட்டவில்லை. எனினும், இறந்தோரை எண்ணுவதும் எஞ்சியோருக்குத் துணைநிற்பதும் நம்மால் இயலும். இறைவனின் மனத்தை அறிந்தவர்போல் பேசுவதினும் அதுவே விசுவாசத்திற்கு நெருக்கமானது.