தண்டவாளத்தின் காவலும் கடவையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் புகையிரதம் தெற்கோடு இணைவதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிட்டது. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் வண்டி ஓடியது. அநுராதபுரம் வழியாகக் கொழும்பு எட்டியது 1905இல்தான். வண்டியைத் தண்டவாளத்தில் பிடித்து வைத்திருப்பது சக்கரத்தின் உட்புற விளிம்பு என்றே பலர் நினைக்கிறார்கள். அது கடைசிக் காவல் மட்டுமே. தண்டவாளத்தில் உருளும் சக்கரப்பரப்பு உட்பக்கம் பருத்தும் வெளிப்பக்கம் சிறுத்தும் சரிவாகக் கடையப்பட்டிருக்கிறது. வளைவில் வண்டி வெளிப்புறம் ஒதுங்கியதும் வெளிச்சக்கரம் பருத்த பகுதியிலும் உட்சக்கரம் சிறுத்த பகுதியிலும் உருள, அச்சு தானாகவே வளைவோடு திரும்பிவிடுகிறது. அதற்குமேல் வண்டியின் பாரம் அதைக் கீழே அழுத்தி வைத்திருக்கிறது.

ஆனால் எதிரே இன்னொரு வண்டி வந்துவிட்டால் இந்தக் கச்சிதம் எதற்கும் உதவாது. ஒற்றைப் பாதையில் அந்த ஆபத்தைத் தடுத்தது வேறொரு ஏற்பாடு. இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதைக்குள் நுழைய ஓட்டுநரிடம் ஒரு வில்லை இருக்க வேண்டும். ஒன்று வெளியே இருக்கையில் நிலையங்களிலுள்ள கருவி இன்னொன்றைக் கொடுக்காது. பாதுகாப்பின் சாரம் இதுதான் என்பேன்: ஆபத்தான இடத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் இருக்க முடியாதபடி செய்வது, எவருடைய கவனத்தையும் நம்பாமல் செய்வது. புகையிரதத்தின் பிள்ளையான ரோலர் கோஸ்டரும் இதையே எடுத்துக்கொண்டது. 1884இல் நியூயோர்க்கின் கோனி ஐலண்டில் லமார்கஸ் தொம்சன் ஓடவிட்ட அந்த விளையாட்டு வண்டி, பின்னர் மேட்டில் எகிறி எழும்படி வளர்ந்தபோது பாரம் மட்டும் போதவில்லை. ஜோன் மில்லர் தண்டவாளத்தின் அடியிலும் சக்கரம் பொருத்தி அதைப் பூட்டினார். அதன் பாதையும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முன்வண்டி ஒரு பகுதியைவிட்டு விலகாதவரை பின்வண்டியைப் பாதையிலுள்ள பிரேக் பிடித்துக்கொள்ளும். பயணி கவனமாக இருக்க வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை.

கொழும்பிலிருந்து வடக்கே 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி புகையிரதம் போரினால் 1990 ஜூனில் யாழ்ப்பாணம் வராமல் நின்றுபோனது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. இந்தியாவின் இர்கோன் நிறுவனம் பாதையை மீண்டும் அமைக்க, 2014 ஒக்டோபரில் வண்டி யாழ்ப்பாணம் வந்தது, மறு ஜனவரியில் காங்கேசன்துறை. பாதையும் சமிக்ஞையும் புதியவை. அவற்றின் காவல் வண்டிகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைத்தது, வீதியிலிருந்து வண்டியை விலக்கவில்லை. பாதுகாப்பற்ற கடவைகளில் மரணங்கள் தொடர்ந்தன. காத்து நின்ற காப்பாளர்களோ நிரந்தர நியமனம் கேட்டுத் திரும்பத் திரும்பப் பணிப்புறக்கணிப்பில் இறங்க வேண்டியிருந்தது.

சனங்களின் அவசரமே காரணம் என்பார்கள். அவசரம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் 24 ஆண்டுகள் வண்டியே வராத இடத்தில் ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. இரு பக்கமும் பார்க்கும் பழக்கம் அதற்கு எங்கிருந்து வரும்? முன்பும் கேற் இல்லாத கடவைகள் இருந்தனவே என்று கேட்டால், அன்றைய வண்டியின் வேகமும் இன்றைய வேகமும் ஒன்றல்ல, வீதியில் ஓடும் வாகனத் தொகையும் ஒன்றல்ல. ஓட்டுநரின் கவனத்தை நம்ப மறுத்து வில்லை கொடுத்த அதே துறை, கடவையில் மட்டும் சைக்கிள்காரரின் கவனத்தை நம்புவது முரண். ஒவ்வொரு கடவைக்கும் கேற்றும், நிரந்தரச் சம்பளம் பெறும் காப்பாளரும் கிடைக்கும்வரை வடக்குப் பாதையின் வேலை முடியவில்லை என்றே கணக்கு வைக்க வேண்டும்.