பெயர் நீக்கிக் கேட்டல்

ஜாஸ் இசை பற்றிய எழுத்தில் ‘கண்கட்டுச் சோதனை’ என்று ஒரு மரபு உண்டு. இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய விமர்சகர் லெனர்ட் ஃபெதர் 1946இல் ‘மெட்ரோனோம்’ இதழில் இதைத் தொடங்கினார். 1951இல் ‘டவுன் பீட்’ இதழுக்கு எடுத்துச் சென்றார். முறை எளியது. ஓர் இசைக்கலைஞரை அமர வைத்து, யார் வாசித்தது என்று சொல்லாமல் சில இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டுவார்கள். அவர் வாசித்தவரை ஊகிக்க வேண்டும். ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று மதிப்பும் இட வேண்டும். கட்டப்படுவது கண்ணல்ல, பெயர்.

நமக்கு இது அந்நியமான விளையாட்டு அன்று. ஒரு பிருகாவைக் கேட்டதும் ஜி.என்.பி. என்பவர்களும், நான்கு ஆவர்த்தனச் சுரத்தில் மதுரை மணி ஐயரை அறிபவர்களும் நம் சபைகளில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். ஜாஸ் ரசிகரும் அப்படித்தான். அடர்ந்த அசைவோடு வரும் டெனர் சாக்ஸஃபோன் கோல்மன் ஹாக்கின்ஸ். அசைவு குறைந்து, காற்றைப்போல் இலேசாக வந்தால் லெஸ்டர் யங். பாட்டை மறந்தாலும் தொனியைச் செவி மறப்பதில்லை.

ஆனால் இந்தச் சோதனை வெறும் செவிச் சாமர்த்தியமாக நின்றுவிடவில்லை. 1951இல் கறுப்பினத்தவரான டிரம்பெட் மேதை ராய் எல்ட்ரிட்ஜ், வாசிப்பவர் கறுப்பரா வெள்ளையரா என்பதைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட முடியும் என்று ஃபெதரிடம் பந்தயம் கட்டினார். தட்டுகள் சுழன்றன. சரியாகச் சொன்னதைவிடத் தவறாகச் சொன்னதே மிகுதி. தோற்றதை அவரே ஒப்புக்கொண்டார்.

இசைக்கு நிறமில்லை என்று இந்நிகழ்ச்சியை ஒரு நீதிக்கதையாக்கிவிடலாம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. எல்ட்ரிட்ஜ் 1940களில் ஜீன் க்ரூபா, ஆர்ட்டி ஷா ஆகிய வெள்ளையரின் குழுக்களில் வாசித்தவர். வாசலில் தன் பெயரே விளம்பரப்படுத்தப்பட்டிருந்த அரங்கினுள் நுழையவிடாமல் தடுக்கப்பட்டவர். பெயர் வேண்டும், ஆள் வேண்டாம் என்ற அவமதிப்பு அது. அவருடைய பந்தயம் அந்தக் காயத்திலிருந்து வந்தது. தவிர, வெள்ளை இளைஞர்கள் வேறுபடுத்த இயலாத அளவு வாசித்தார்கள் என்றால், கறுப்பு ஆசான்களிடமிருந்து அவ்வளவு கற்றிருந்தார்கள் என்றும் பொருள். பெயரை மறைக்கும்போது முற்சாய்வு விலகுகிறது. கூடவே கடனும் மறைகிறது. இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் தொல்காப்பியம் நினைவிற்கு வரும். அன்பின் ஐந்திணையில் எவருடைய இயற்பெயரும் சுட்டப்படலாகாது என்பது அகத்திணை விதி. தலைவி எந்த ஊர்க்காரி என்பது தெரியாமலே அவள் துயரம் நம்மை வந்தடைகிறது. பாடப்பட்டவர் பெயரை மறைத்த மரபு, பாடியவர் பெயரை மட்டும் விட மனமில்லாதிருந்தது. குறுந்தொகையில் இயற்பெயர் அறியப்படாத புலவர்களை அவர்தம் பாட்டின் தொடரைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் ஓரேருழவனார் என்றும் அழைத்தார்கள். குரலின் அடையாளத்தையே பெயராக்கிக் கொடுத்த பரிவு அது.

கண்ணுக்கு முன்னால் செவி அறிவது மலைவாசிகளுக்குப் பழக்கம். பெருமாள்மலையில் மூடுபனி இறங்கிய பொழுதில், வளைவில் வருவது பேருந்தா ஜீப்பா என்று ஒலிதான் முதலில் சொல்லும். சற்றுப் பொறுத்தால் வண்டி பனியை விலக்கிக்கொண்டு வந்து நிற்கும். ஊகம் சரியா தவறா என்று தெரிந்துவிடும். பழைய இசைத்தட்டுகளில் அப்படி எதுவும் வந்து நிற்பதில்லை.

1902 நவம்பரில் கல்கத்தாவில் ஃப்ரெட் கெய்ஸ்பர்க் இந்தியக் குரல்களைப் பதியத் தொடங்கியபோது, கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். அது வெறும் ஆடம்பரமல்ல. மூலத்தகடுகள் ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய்த் தட்டுகளாக வரவேண்டும். அங்கிருந்த தொழிலாளிகளுக்கு எந்தக் குரல் யாருடையது என்பது எப்படித் தெரியும்? பெயரைப் பாட்டோடு சேர்த்தே பொறித்துவிடுவது பாதுகாப்பு. கல்கத்தாவில் 1908இல் தொழிற்சாலை வந்தபின் அந்தத் தேவை மெல்ல மறைந்தது, அறிவிப்பும் மறைந்தது.

இன்று லேபிள் உரிந்துபோன ஒரு தட்டு சேகரிப்பாளர் கைக்கு வந்தால் அவர் செய்வது கண்கட்டுச் சோதனைதான். லேபிளை ஒட்டிய வெற்றிடத்தில் பொறித்திருக்கும் எண்ணை முதலில் பார்ப்பார். பிறகு உச்சரிப்பு, பக்கவாத்தியம், சங்கதிகளின் வழி. இதில் ஒரு பொறியும் உண்டு. எழுபத்தெட்டு சுற்று என்று நாம் சொன்னாலும் தொடக்ககாலத் தட்டுகள் எல்லாம் அந்த வேகத்தில் பதியப்பட்டவை அல்ல. 72 சுற்றில் பதிந்ததை 78இல் ஓட்டினால், ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரைக் கட்டைக்கும் மேலே போய்விடுவார். பிருகா செயற்கையாய் விரையும். முதிர்ந்த குரல் இளமையாகும். ‘அந்தக் காலத்தவர் கீச்சுக் குரலில் பாடினார்கள்’ என்ற நம் எள்ளலில் ஒரு பங்கு இயந்திரத்தைச் சேர்ந்தது.

கோயம்புத்தூர் தாயி (1872–1917) அந்தக் காலத்தவர். தேவதாசி மரபில் வந்தவர். பெரிய வித்வான்கள் பலர் கிராமஃபோன் குழாய்முன் பாடத் தயங்கியபோது துணிந்து பாடிய பெண்களுள் முதன்மையானவர். 1911–12 குளிர்காலத்தில் இந்தியா வந்த ஃப்ரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் டெலாஜ், ராவெலின் மாணவர், தாயியின் குரலில் மயங்கினார். 1912க்கும் 1922க்கும் இடையே அவர் உருவாக்கிய ‘ராகமாலிகா’ என்ற படைப்பு, தாயி பாடிய அருட்பா இசைத்தட்டைப் பெரிதும் ஒற்றி எழுதப்பட்டது என்பதை இசையியலாளர் ஜான் பாஸ்லர் பிற்பாடு ஆராய்ந்து காட்டினார். நம் தாளவாத்திய ஒலிக்காக ஒரு பியானோ தந்தியின் அடியில் அட்டைத்துண்டு வைக்கச் சொன்னார் டெலாஜ். பின்னாளில் ஜான் கேஜ் புகழ்பெறச் செய்த உத்தியின் மிக முந்தைய முன்மாதிரிகளுள் ஒன்று இது. படைப்பின் தலைப்பில் நம் சொல் இருக்கிறது. பாடியவளின் பெயர் இல்லை. செவியும் தட்டும் சேர்ந்துதான் அந்தப் பெயரை மீட்டன.

நம் நாட்டின் மிகப்பெரிய கண்கட்டுச் சோதனையை நடத்தியது வானொலி. 1952இல் அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில், பாடுபவரைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டுத் தரம் பிரிக்கும் தேர்வுமுறை அகில இந்திய வானொலியில் நிலைபெற்றது. பரம்பரையும் பரிந்துரையும் செல்லாது என்பது அதன் நியாயம். முன்பே பெயர் பெற்றிருந்தவர்கள் கொதித்தெழுந்ததும் உண்மை. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, வல்லபபாய் படேல் அத்துறையைக் கவனித்தபோது, தனிவாழ்க்கை ஊரறிந்த அவதூறாக இருப்பவர்களுக்கு வானொலியில் இடமில்லை என்று ஆணையிடப்பட்டிருந்தது. வடக்கே கணிகையர் மரபுப் பாடகியரை வெளியே நிறுத்தியது அந்த ஆணை. உள்ளே திரை தொங்கி, வாசலில் குலம் விசாரிக்கப்பட்டால், அந்தத் திரைக்கு என்ன பொருள்?

ஃபெதரின் சோதனையில் ஓர் ஒழுங்கு இருந்தது. கேட்டு முடித்ததும் பெயர் சொல்லப்படும். இதழில் ஒவ்வொரு தட்டுக்கும் கலைஞர் பெயர் அச்சாகும். நீக்கிய பெயரைத் திருப்பிக் கொடுக்கும் அந்தக் கடைசிப் படிதான் விளையாட்டை நீதியாக்குகிறது. நாம் முதற்பாதியை மட்டும் செய்து பழகிவிட்டோம். இணையத்தில் ‘பழைய பாடல்’ என்ற ஒற்றைத் தலைப்பில் ஏற்றப்படும் ஒலிக்கோப்புகளே சாட்சி.

நண்பர்களின் வீட்டுப் பரண்களில் இன்னும் சில தட்டுகள் இருக்கக்கூடும். ஓட்டிக் கேட்க வசதியில்லாவிட்டாலும் பரவாயில்லை. லேபிளையும் அதனருகே பொறித்த எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். கடைசி வளையம் வரை ஒலிக்கவிட முடிந்தால் இன்னும் நல்லது. பாட்டு முடிந்தபின் வரும் அந்த ஒரு வரியில், பாடியவள் தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.