குருவிக்காடு: பெயர் வந்த வழி

சாவகச்சேரியிலிருந்து வடக்கே சரசாலைப் பக்கம் போனால் நீரேரியை ஒட்டிக் கண்டல் மரங்கள் அடர்ந்த ஓரிடம் உண்டு. ஊர்ச்சனம் அதைக் குருவிக்காடு என்கிறது. மாரி மழை ஓய்கிற காலத்தில் நீண்ட லென்சும் கமராவுமாக விடியவே அங்கே வந்து நிற்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். பெரும்பாலும் வேறு தொழில் பார்த்துக்கொண்டு, விருப்பத்துக்காகப் படம் எடுக்கிறவர்கள். அவர்கள் எடுத்துக்கொண்டு போகிற படங்களில் நாரை இருக்கும், கொக்கு இருக்கும், சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம் இருக்கும். குருவி என்றதும் மனதில் வருகிற கைக்குள் அடங்கும் உயிரைத்தான் அந்தப் படங்களில் தேடவேண்டியிருக்கிறது. இருந்த கொப்பைத் தாழ்த்துகிற எடையுள்ள பறவைகள் கூடுகிற காட்டுக்குக் குருவியின் பெயர் எப்படி வந்தது?

குருவி பழைய சொல். சங்கப் பாடல்களில் அது குரீஇ என்ற வடிவில் வருகிறது. வீட்டோடு வாழும் சிறு குருவியும், கூடு பின்னித் தொங்கவிடும் தூக்கணங்குருவியும் அங்கே குரீஇதான். மலையாளத்திலும் குருவி என்ற சொல் சிறு பறவைக்கே நிற்கிறது. ஊர்க்குருவி உயரப் பறந்தாலும் பருந்தாகாது என்ற பழமொழியும் அந்தச் சிறுமையை நம்பியே பிறந்தது.

ஆனால் பேச்சுவழக்கு அந்த அளவோடு நிற்கவில்லை. பறவை என்பது யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் எழுத்தில் வருகிற சொல். வேலியில் பெயர் தெரியாத ஒன்று வந்து இருந்தால் "அந்தா ஒரு குருவி" என்றுதான் வாயில் வரும். வயல்வெளியில் நீண்ட மஞ்சள் காலோடு நின்று, ஆள் நடமாட்டம் தெரிந்ததும் கத்திக் கலைக்கிற ஆட்காட்டி ஏறத்தாழ முக்கால் முழ நீளம் உடையது. அதையும் ஆட்காட்டிக் குருவி என்கிறோம். தமிழ்நாட்டில் குருவிக்காரர் என்று ஒரு சமூகத்தவருக்குப் பெயர் உண்டு. காடை, கௌதாரி, கொக்கு என்று எல்லாவற்றையும் பிடித்து விற்றவர்கள் அவர்கள். அந்தப் பெயரிலும் குருவி என்பது பறவையினம் முழுவதையும் குறிக்கிறது. மயிலையோ பருந்தையோ யாரும் குருவி என்பதில்லை, உண்மை. தனிப்பெயர் ஊன்றிநிற்கும் பறவைக்கு இந்தப் பொதுப்பெயர் தேவைப்படாது. பல இனம் கலந்து ஒரே மரத்தில் இருக்கும்போது, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி முடியாதபோது, குருவி என்ற சொல் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது. நீர்ப்பறவைக்குத் தமிழில் குருகு என்று ஒரு சொல் உண்டு. நெய்தல் நிலத்துப் பாடல்களில் கொக்கும் நாரையும் அந்தப் பெயரில் திரும்பத் திரும்ப வரும். குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலர் ஒரு குருகைக் காட்டுகிறார். தலைவன் தலைவியோடு கூடிய நேரத்தில் வேறு சாட்சி இல்லை, அந்தக் குருகு மட்டும் இருந்தது. தினையின் தாள் போல மெல்லிய பசுங்கால். ஓடுகிற நீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்தபடி நிற்கிறது. பறவைப் படம் எடுக்கிற எவரும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். காலின் நிறம், காலின் பருமன், பார்வை போகிற திசை, காலடியில் நீரின் ஓட்டம்: ஒரு நல்ல நெருக்கப் படத்தில் நாம் தேடுகிற அத்தனையும் அதில் இருக்கிறது. பச்சையும் மஞ்சளும் கலந்த மங்கிய கால் நம் வாய்க்கால் ஓரங்களில் கூனி நிற்கிற குளக்கொக்குக்கு உண்டு. கபிலர் பார்த்தது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது.

அப்படியானால் குருகுக்காடுதான் குருவிக்காடு ஆயிற்றா? ஆசைகாட்டுகிற விளக்கம். ககரம் வகரமாக மாறுவது தமிழுக்குப் புதிதல்ல. பாகற்காயை நாம் பாவற்காய் என்கிறோம், போகும் என்பதைப் போவும் என்கிறவர்களும் உண்டு. இருந்தாலும் இதை நான் ஏற்கவில்லை. குருகு குருவு ஆகலாம், குருவி ஆவதற்கு ஈற்றில் இகரம் எங்கிருந்து வரும்? அதோடு குருகு என்ற சொல் பேச்சிலிருந்து எப்போதோ போய்விட்டது. சரசாலையில் மாடு மேய்த்தவரும் நீரேரியில் வீச்சுவலை எறிந்தவரும் நிகண்டைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கமாட்டார்கள். தங்கள் வாயில் இருந்த சொல்லையே வைத்தார்கள். காடு என்ற பின்பாதியும் அதையே காட்டுகிறது. கண்டலும் காடு, பனையும் காடு. மரம் அடர்ந்தால் இங்கே காடுதான்.

பெயரைக் கேட்டவுடன் பொருள் சொல்லிவிடுவதில் ஆபத்து உண்டு. வேடந்தாங்கலை வேடர் தங்கிய இடம் என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் செங்கற்பட்டுப் பக்கத்தில் தாங்கல் என்றால் ஏரி. பழவந்தாங்கலும் அப்படி வந்த பெயர்தான். நம் பக்கத்தில் கொக்குவில்லும் அதுபோல. கொக்கு தெரிகிறது, வில் என்பது சிறு குளம் என்பது பலருக்கு மறந்துவிட்டது. நுணாவில், மட்டுவில், மிருசுவில் என்று தென்மராட்சி நெடுக அந்த வில் வந்துகொண்டே இருக்கிறது. மயிலங்காட்டில் மயில், ஆனையிறவில் ஆனை. ஆனைகளை நீர்கடத்திக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்த காலம் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

சாவகச்சேரிக்கும் இப்படி ஒரு வழி உண்டு, அது பறவையிடம் போகாமல் மனிதரிடம் போகிறது. இன்றைய தாய்லாந்தின் தென்பகுதியில் இருந்த தாம்பிரலிங்கத்தின் அரசன் சந்திரபானு 1247இல் இலங்கைமேல் படையெடுத்தான். அவனோடு வந்தவர்களைச் சாவகர் என்றார்கள். பாண்டியர் கல்வெட்டும் சாவகனைச் சொல்கிறது. சாவகர் குடியிருந்த சேரி சாவகச்சேரி என்பது வரலாற்றாசிரியர் பலர் கொள்ளும் முடிவு. சேரி அப்போது பலர் சேர்ந்து வாழ்கிற இடத்துக்குப் பொதுப்பெயர். ஒரு சந்தை ஊருக்குக் கடல்கடந்து வந்த மனிதரின் பெயர், பக்கத்துக் கண்டலுக்குப் பறந்து வந்தவற்றின் பெயர். இரண்டையும் வைத்தவர்கள் வந்தவர்களை நின்று பார்த்தவர்கள்.

படம் எடுக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருப்பது இந்த இடத்தில்தான். ஒரு கிழவரின் முகத்தைப் படம் எடுத்தால் அவரிடம் பெயர் கேட்கிறோம். பறவையின் முகத்தை எடுத்துவிட்டு ஆங்கிலப் பெயரைப் புத்தகத்தில் பார்த்து எழுதுகிறோம். 1878 முதல் 1880 வரை வெளிவந்த தம் பெருநூலில் வின்சென்ட் லெக் என்ற படை அதிகாரி இலங்கைப் பறவைகளுக்குத் தமிழர் வழங்கிய பெயர்களையும் கேட்டுப் பதிந்தார். 1955இல் ஜி. எம். ஹென்றியும் தம் கையேட்டில் அதைச் செய்தார். தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையில் எடுத்த காட்டுயிர்ப் படங்களுக்காக அறியப்பட்டவர், 1970இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவரே பறவைகளைப் பற்றித் தமிழில் எழுதினார். அக்கட்டுரைகளை தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்தார். கண்ணும் சொல்லும் ஒருவரிடமே கூடியிருந்த அபூர்வம் அது.

நத்தைகுத்தி நாரையை எடுத்துக்கொள்ளுங்கள். வயலில் தூர நின்று பார்த்தால் சாம்பலும் வெள்ளையுமான ஒரு நாரை. நெருக்கிப் படம் எடுத்தால்தான் மேல்அலகுக்கும் கீழ்அலகுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிற இடைவெளி புலப்படும். குஞ்சுக்கு அந்த இடைவெளி இல்லை, வளர வளர வருகிறது. ஆங்கிலேயர் திறந்த அலகைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நம்மவர் அது தின்கிற நத்தையைப் பார்த்து வைத்தார்கள். வயலில் நின்றவருக்குத் தெரிந்தது அந்த வேலைதான்.

குருவிக்காட்டில் கூட்டுக்குக் கிட்டப் போகவேண்டாம். தாய்ப்பறவை எழும்பினால் முட்டைக்குக் காகம் வந்துவிடும், வெறுங்குஞ்சை வெயில் சுட்டுவிடும். கரையில் நின்று நீண்ட லென்சால் எடுக்கலாம். காத்திருக்கிற நேரத்தில், வலையோடு வருகிறவரிடம் அந்தப் பறவைக்கு அவர் என்ன பெயர் சொல்கிறார் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் தவிட்டுக்குருவி என்பதை இங்கே புலுனி என்கிறோம். ஊருக்கு ஊர் மாறுகிற இத்தகைய பெயர்களில் பல எந்த அகராதியிலும் ஏறாதவை. அவர் சம்மதித்தால் அவரையும் படம் எடுத்து, பறவையின் படத்துக்குக் கீழே அவர் சொன்ன பெயரை, சொன்ன ஊரோடும் மாதத்தோடும் எழுதிவைக்கலாம்.