கட்டியக மரபியல் வேறுபாடு

கட்டியக மரபியல் வேறுபாடு என்பது ஒரு நோயாளியின் ஒரே புற்றுக்கட்டியினுள் உள்ள உயிரணுக்கள் மரபணு அளவில் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்கும் நிலையைக் குறிக்கும். பல வகைப் புற்றுநோய்களில் இவ்வேறுபாடு நோயின் தீவிரத்துடனும் மருந்து எதிர்ப்புடனும் தொடர்புடையதாக அறியப்பட்டுள்ளது.

தோற்றம்

புற்றுநோய் பெரும்பாலும் ஒரு தனி உயிரணுவிலிருந்து தொடங்குகிறது. அது பிரிந்து பெருகுகையில் வழித்தோன்றல்களில் புதிய திடீர்மாற்றங்கள் சேர்கின்றன. அவற்றுள் விரைந்து பெருகவல்லவை மற்றவற்றை விஞ்சுகின்றன. டார்வின் கூறிய இயற்கைத் தெரிவு இங்கு உடலுக்குள்ளேயே நிகழ்கிறது எனலாம். இக்கருத்தை 1976 ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் விரிவாக முன்வைத்தவர் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் நோவெல். பிலடெல்பியா நிறப்புரியை 1960 இல் கண்டறிந்த இருவருள் இவர் ஒருவர்.

சிறுநீரகப் புற்றுநோய் ஆய்வு

லண்டனில் சார்லஸ் சுவான்டன் குழுவினர் சிறுநீரகப் புற்றுக்கட்டிகளின் பல இடங்களிலிருந்து திசு எடுத்து மரபணு வரிசைகளை ஒப்பிட்டு, 2012 இல் முடிவுகளை வெளியிட்டனர். கண்டறியப்பட்ட திடீர்மாற்றங்களில் 63 முதல் 69 விழுக்காடு கட்டியின் எல்லாப் பகுதிகளிலும் காணப்படவில்லை. ஒரே கட்டியின் ஒரு பகுதி நல்ல முன்கணிப்புக்குரிய மரபணு வெளிப்பாட்டையும் மற்றொரு பகுதி மோசமான முன்கணிப்புக்குரியதையும் காட்டியது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கு பொருந்தாது. ஓரிடத்தில் எடுத்த திசுச்சோதனை நோயின் கடுமையைக் குறைத்துக் காட்டிவிடக்கூடும்.

நோயின் தீவிரத்துடன் தொடர்பு

அமில எதுக்களிப்பால் உணவுக்குழாயின் உட்சவ்வு மாறும் பாரெட் உணவுக்குழாய் எனும் நிலையில், உயிரணு வழிகளின் பன்மை மிகுந்தவர்களுக்குப் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு அதிகம் என 2006 இல் கார்லோ மேலி குழுவினர் காட்டினர். நுரையீரல் புற்றுநோயாளர் 100 பேரிடம் நடத்தப்பட்டு 2017 இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், நிறப்புரித் துண்டுகளின் எண்ணிக்கை கட்டிக்குள் இடத்துக்கிடம் மிகவும் மாறுபட்டவர்களுக்கு நோய் மீளுதலும் இறப்பும் அதிகமாயிருந்தன. தனி எழுத்து மாற்றங்களின் வேறுபாட்டிற்கு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. எனவே எல்லா வேறுபாடும் ஒரே எடையுடையதன்று.

மேலும் இத்தொடர்பு நேர்கோட்டில் அமைவதில்லை. 12 வகைப் புற்றுநோய்களை ஆராய்ந்த 2016 ஆம் ஆண்டு ஆய்வின்படி, மரபணுத்தொகையில் 25 விழுக்காட்டிற்குக் குறைவாகவோ 75 விழுக்காட்டிற்கு மேலாகவோ எண்ணிக்கை மாற்றம் நிகழ்ந்த கட்டிகளில் இறப்பு இடர் குறைவு. அளவு கடந்த நிலையின்மை புற்று உயிரணுக்களுக்கே கேடாவது இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

மருந்து எதிர்ப்பு

ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாறிய நுரையீரல் புற்றுநோய் கெஃபிடினிப் மருந்தால் சுருங்கினாலும் பெரும்பாலும் மீண்டும் வளர்கிறது. அவ்வாறு மீண்ட கட்டிகளில் ஏறத்தாழ பாதியில் டி790எம் எனும் மாற்றம் காணப்படுகிறது. சிலரிடம் இம்மாற்றமுடைய உயிரணுக்கள் மருந்து தொடங்கும் முன்பே சிறு எண்ணிக்கையில் இருந்துள்ளன. மருந்து மற்றவற்றை அழித்து அவற்றிற்கு இடமளிக்கிறது. இதனை எதிர்க்க உருவான ஓசிமெர்டினிப் 2015 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதற்கும் சி797எஸ் முதலிய மாற்றங்களால் எதிர்ப்புத் தோன்றுகிறது.