ஈறும் மாத்திரையும்

1938இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மெரிட்டும் பட்னமும் வலிப்பு நோய்க்கு ஃபெனிடாயின் நல்ல மருந்து என்று கண்டார்கள். நம் மருந்துக்கடையில் எப்டாயின் என்பார்களே, அதுதான். பழைய மருந்துகளைப்போல் ஆளைத் தூங்கவைக்காமல் வலிப்பை அடக்கியது. மறு ஆண்டே கிம்பல் என்பவர் எழுதினார்: அதைச் சாப்பிட்டவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஈறு தடித்துவிட்டதாம். சிலருக்குப் பல்லையே மூடும். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் ‘ழான்சீவ்’ என்று படித்த ஈறுக்கு இப்படியொரு வம்பு!

1980களில் ரத்த அழுத்த மாத்திரை நிஃபெடிபினிலும் இதைக் கண்டார்கள். அதன் தம்பிதான் நம்மில் பலர் தினமும் விழுங்கும் அம்லோடிபின். எல்லோருக்கும் வராது, பல்லில் அழுக்குச் சேர்ந்தால் கூடும். ஈறு வீங்கினால் மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, டாக்டர்தான் மாற்றித் தரவேண்டும். பல் டாக்டரிடம் போகும்போதெல்லாம் என் சட்டைப்பையில் பிரஷர் மருந்துச்சீட்டும் இருக்கும்.